அடுத்தவர் மணிக்கட்டு

என் வலது கையில் வலித்துக்கொண்டிருந்த மணிக்கட்டு என்னுடையது அல்ல.

யாருடையது என்று கேட்கக் கூடாது. அதுதான் வேலையின் முதல் விதி. கத்தக் கூடாது என்பது இரண்டாவது. கத்தினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு டிவி கேட்காது. அவர் யாரோ ஒரு நகைக்கடை முதலாளியின் பல்வலியைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் தாடையைப் பிடித்தபடி சீரியல் பார்ப்பவர். எங்களுக்குப் பெயர் தாங்கிகள். காந்திபுரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்து பிறருக்காக வலித்துக்கொண்டிருப்பது எங்கள் தொழில்.

இதற்கு முன் இரவு ஷிப்டில் அமெரிக்கர்களின் புகார்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். தூக்கம் வருது என்றேன். அதற்கு மேல் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூளை தேவைப்படாத பகல் வேலை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் கறுப்பாக, தட்டையாக ஒரு காப்பை என் கையில் மாட்டிவிட்டவர் மகுடேஸ்வரி அக்கா. ‘இலகு’ நிறுவனத்தின் கோவைக் கிளை என்றால் அவர்தான். எல்லோருக்கும் காப்பு மாட்டுவார், டீ போடுவார், முகத்தைப் பார்த்தே வலி சரியாக வருகிறதா என்று சொல்வார்.

"இதோட ஜோடி அந்தப் பக்கம் ஒருத்தங்க கையில இருக்குது. அவங்களுக்கு வர்ற வலி அங்க நின்னு இங்க வந்துரும்," என்றார்.

"மரத்துப்போக வெச்சிட்டா முடிஞ்சுதேக்கா. நடுவுல நான் எதுக்கு?"

"அப்படித்தான் மொதல்ல பண்ணிப் பாத்தாங்க. கையில நிறுத்துனா தோளுக்கு ஏறுச்சு, தோள்ல நிறுத்துனா கழுத்துக்கு. நரம்பு லேசுல விடாது கண்ணு. வலிங்கறது பதிவுத் தபால் மாதிரி. யாராச்சும் கையெழுத்துப் போட்டு வாங்கோணும். வாங்கிட்டோம்னு பதில் போச்சுன்னா கம்முனு கெடக்கும்."

"அப்ப வீட்டுக்காரருக்குப் பதிலா நான் கையெழுத்துப் போடறேன்."

"நீ அந்த வீட்டு வாட்ச்மேன்னு வெச்சுக்கோயேன். தபாலப் பிரிச்சுப் படிக்காத, அவ்வளவுதான்."

நான் பிரித்துப் படித்தேன். வேறு என்ன செய்வது? கையில் இருப்பதே அதுதான்.

அது தட்டச்சு செய்யும் கை. சந்தேகமே இல்லை. ஆரம்பத்தில் மாலையானால் மணிக்கட்டுக்குள் ஒரு கனம். பிறகு காலையிலேயே எரிச்சல். பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் சுரீர் சுரீரென்று ஊசி. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, மகராசன் மாதிரி இருக்கும். பழைய வேலையில் எதிர் சீட்டுக்காரர் ஒருவருக்கு இதே வரிசையில்தான் வந்தது. மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டே போகிறது. விட்டால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போகும். அவர் இப்போது சட்டைப் பொத்தானை மனைவியிடம் போட்டுக்கொள்கிறார்.

அந்தக் கைக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை. அவருக்கு வலிதான் இல்லையே.

"அக்கா, அந்த ஆள்கிட்டக் கொஞ்சம் கைய நிறுத்தச் சொல்லுங்க. கை போயிரும்," என்றேன்.

"சொல்லக் கூடாது. கவலையில்லாம இருக்கறக்குத்தான் அவங்க சந்தா கட்டறாங்க. போன மாசம் ஒரு வாடிக்கையாளர் தன்ற தாங்கிய நேர்ல பாத்துட்டு ஓன்னு அழுது, மறுநாளே சந்தாவ நிறுத்திட்டாரு. அந்தத் தாங்கிக்கு வேலையும் போச்சு. நீ வாய வெச்சுட்டுச் சும்மா இரு."

"கை போனா?"

"அவங்க கைதான சாமி போகுது? நம்ம கை வலிக்க மட்டும்தான் செய்யும்."

இதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. அன்று மாலை டீ டம்ளர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சூடான டீ.

அந்த வாரம் கூரியர்காரர் வரவில்லை. பழுதான காப்புகளை மாற்றிக்கொண்டு வர கணபதியில் ஓர் அலுவலகத்துக்கு அக்கா என்னை அனுப்பினார். பம்ப்செட் ஷோரூமுக்கு மேல் நீளமான கூடம். மருத்துவமனை பில்களைக் காப்பீட்டுப் படிவத்தில் ஏற்றுகிற இடம். இரண்டு வரிசையில் முதுகுகள், எல்லார் மணிக்கட்டிலும் எங்கள் காப்பு.

கதவைத் திறந்ததும் என் கையில் சுரீர் என்றது. அதே நொடியில் இடது வரிசைக் கடைசியில் ஒருவர் என்டர் விசையை ஓங்கி அறைந்தார். மறுபடி அறைந்தார். மறுபடி சுரீர்.

நீங்கதானா அது, என்று நின்றேன்.

பெனாசிர் என்று மேசையில் பெயர்ப் பலகை. முப்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார். கீபோர்டின் பின்னங்கால்கள் இரண்டும் தூக்கி நின்றன. மணிக்கட்டு மேசையின் கூரான விளிம்பில் அழுந்தி, உள்ளங்கை பின்னால் வளைந்து, யாரையோ நிற்கச் சொல்லும் போலீஸ்காரர் கை போல இருந்தது. மவுஸ் எட்டாத தூரத்தில் கிடந்தது. இத்தனை மாதமாக நான் அனுபவித்த ஒவ்வொன்றுக்கும் அங்கே முகவரி இருந்தது.

"சர்வீஸுங்க," என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் போனேன். கேட்காமலே கீபோர்டின் கால்களை மடக்கினேன். நாற்காலியை ஏற்றினேன்.

"என்ன தம்பி பண்றீங்க? வலியே இல்லீங்களே."

"காப்பு நீண்ட நாள் உழைக்கணும்னா கை நேரா இருக்கோணும்க்கா. அப்பப்ப எந்திரிச்சு நடந்தா காப்புக்கு இன்னும் நல்லது."

"காப்புக்கா? எனக்கு நடக்க நேரமில்ல. இது வந்தப்புறம் நான் ரெட்டிப்பு வேலை செய்யறேன், தெரியுமா? அதப் பாத்து மேனேஜர் எல்லாத்துக்கும் ரெட்டிப்பாக்கிட்டாரு. பாவம், மத்ததெல்லாம் என்னத் திட்டுதுக." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கைவேகத்தில் பெருமை இல்லாத டைப்பிஸ்ட்டை நான் பார்த்ததில்லை.

நான் படியிறங்குவதற்குள் மறுபடி சுரீர். கீபோர்டின் கால்களைத் தூக்கிவிட்டார்.

அடுத்த முறை போனபோது அந்தக் கால்களை ஒடித்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஓர் அட்டைப் பெட்டியை மடித்து முட்டுக்கொடுத்துவிட்டார். மேசை விளிம்பில் பஞ்சுப் பட்டை ஒட்டினேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை அதில் வைத்துக் குழம்பைச் சிந்தி, பட்டையைக் கழற்றிப் போட்டார். மவுஸின் கம்பியைப் பிடுங்கினேன். ஐந்து நிமிடம் சுகமாக இருந்தது. வலியில்லாத மனுஷியை நிறுத்த உலகத்தில் ஒரு கருவியும் இல்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

அந்த அலுவலக மேனேஜர் சதாசிவம், பக்திமான். பென்டிரைவுக்குக்கூட விபூதி பூசுபவர். விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் பூஜை என்று கேள்விப்பட்டு, பழுதான காப்புகளை வாங்கும் சாக்கில் போனேன். வழக்கப்படி மானிட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொரியைக் கொறித்தபடியே எல்லோரும் வேலை செய்வார்களாம்.

"வேலை செய்யறது கீபோர்டுங்க சார். பொட்டு மட்டும் டிவிக்கா?" என்றேன்.

சதாசிவம் யோசித்தார்.

"சின்ன வயசுல புஸ்தகத்தையெல்லாம் அடுக்கி சாமிகிட்ட வெச்சா, விஜயதசமிக்கு எடுக்கற வரைக்கும் தொட விடுவாங்களா சார்? இங்க கீபோர்டுதானுங்களே புஸ்தகம்?"

கூடத்தில் இருந்த எல்லா முதுகுகளும் திரும்பின. புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு இரண்டு நாள் படிக்காமல் திரிந்த சந்தோஷம் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஆமாங்க சார், அதான் மொறை," என்று ஏகப்பட்ட குரல்கள். சதாசிவத்தால் முறையை மறுக்க முடியவில்லை. கீபோர்டுகளைப் பிடுங்கி சரஸ்வதி படத்துக்கு முன்னால் கோபுரமாக அடுக்கினார்கள். சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. பெனாசிரின் கீபோர்டை நானே என் கையால் அடியில் வைத்தேன்.

ஒரு பொட்டலம் பொரியோடு காந்திபுரம் திரும்பி, கையை மடியில் போட்டுக்கொண்டு சாய்ந்தேன். என் கை எனக்கே கிடைத்தது. ஒரு மணி நேரம் இருக்கும்.

பிறகு வந்தது பாருங்கள்.

அப்படி ஒரு வலி அதுவரை வந்ததில்லை. மணிக்கட்டில் யாரோ ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகுவது போல. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பல்வலிக்காரர் டிவியைவிட்டு என்னைப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். கூடத்தில் எல்லோரும் பூஜை போட்ட மகிழ்ச்சியில் கும்பலாக நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் பெனாசிர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே, எந்தக் காலத்து டிராயரிலிருந்தோ எடுத்த மஞ்சளேறிய கீபோர்டு. விசைகள் இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றையும் குத்தித்தான் அழுத்த முடிந்தது.

"அக்கா, என்ன இது? பூஜை போட்டாச்சே?"

"அவங்களுக்கு, தம்பி. எனக்கெதுக்கு? அவசரக் கேஸு ஒரு கட்டு வந்துருச்சு. இவங்க தொடக்கூடாதில்ல, மொத்தமும் இங்க வந்துருச்சு. வருஷா வருஷம் தீவாளி, பொங்கல்னா இந்த சீட்டு நான்தான். ரம்ஜானுக்கு லீவு எடுப்பேன்ல, அதுக்கு ஈடு."

பூஜை என்றால் எல்லோருக்கும் ஓய்வு என்று நினைத்திருந்தேன். அந்த ‘எல்லோரில்’ யாரைச் சேர்க்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூடம் முழுவதற்கும் விடுமுறை வாங்கிக் கொடுத்து, அத்தனை வேலையையும் நான் காப்பாற்ற வந்த ஒரே கையில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன்.

விதியை மீறினேன். "உங்க வலி எங்கிட்டத்தான் வருதுக்கா. நான்தான் உங்க தாங்கி," என்றேன்.

"சும்மா இருங்க தம்பி. மிஷின்தான வாங்கிக்குது?"

"அப்படியா சொன்னாங்க?" நான் திரும்பி சுவரைப் பார்த்து நின்றேன். "தட்டுங்க. எப்பத் தட்டறீங்கன்னு நான் சொல்றேன்."

தட்டினார். "இப்ப," என்றேன். மெதுவாகத் தட்டினார். "இப்ப." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "இப்ப இல்ல," என்றேன். பிறகு மணிக்கட்டை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு போடு.

"ஆத்தா!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயையோ, நிஜமா? மன்னிச்சுக்கோங்க தம்பி." உடனே இன்னொரு போடு.

"அக்கா!"

"இல்ல, ஒறுதிப்படுத்திக்கிட்டேன்."

"சிரிங்க. இப்பக் கண்ண மூடுங்க," என்றேன். பொட்டலத்திலிருந்து ஒரு பொரியை எடுத்து அவருடைய கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்தேன். "புடிச்சுக்கோங்க. விழாமப் புடிச்சுட்டிருங்க. அப்படியே கைய நீட்டுங்க."

நீட்டினார். பொரி அப்போதே விழுந்துவிட்டது. பறந்து போய் மேசைக்கடியில் கிடந்தது. அவர் விரல்களைக் குவித்து, மிகக் கவனமாக, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் புடிக்கோணும்?" என்றார்.

"கண்ணத் தொறங்க."

விரல்களைப் பார்த்தார். கீழே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"வலி எங்கிட்ட வருது. மரத்துப்போனது வராது. அது உங்ககிட்டயேதான் இருக்குது," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே தட்டினா அந்த மூணு விரலும் சும்மா பேருக்குத்தான்."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாம இருக்கறக்குத்தான சந்தா."

அந்த நேரம் சதாசிவம் வந்து நின்றார். கையில் சுண்டல் தொன்னை. "என்னம்மா பெனாசிர், முடிச்சாச்சா? இன்னும் ஒரு கட்டு வருது."

பிறகு செய்ததற்கு நான் திட்டமெல்லாம் போடவில்லை. என் காப்பைக் கழற்றினேன். வாடிக்கையாளர் காப்பும் தாங்கி காப்பும் வெளியே பார்க்க ஒன்றுதான். "சார், பூஜைக்குக் கம்பெனி அன்பளிப்புங்க. மேனேஜர்களுக்கு மட்டும்," என்று அவர் வலது கையில் மாட்டிவிட்டேன். இலவசம் என்றதும் தொன்னையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாகாகக் காட்டினார். பூஜை நாளில் வந்தது என்று கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டார்.

பெனாசிர் என்னைப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். வாயின் ஓரம் மெல்லத் துடித்தது. பிறகு இடது கையை, நல்ல கையை, மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் தூக்கி என்டரை ஒரே ஓர் அறை அறைந்தார்.

"யம்மாடி!" சுண்டல் சிதறியது.

"என்னாச்சுங்க சார்?"

"என்னமோ... மணிக்கட்டுல... சுளுக்கு மாதிரி..."

இன்னோர் அறை.

"அப்பப்பா!"

"நான் தட்டற சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா சார்? நிறுத்திரட்டுங்களா?"

"நிறுத்தும்மா, நிறுத்து. எல்லாத்தையும் திங்கக்கிழமை பாத்துக்கலாம்." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே அவர் தன் அறைக்குள் போனார். அதன் பிறகு அங்கே ஆயுத பூஜை எல்லோருக்கும் ஆனது.

மறுவாரம் நடந்ததை பெனாசிர் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சதாசிவத்துக்குத் தன் கைக்கு ஏதோ நோய் என்று முடிவாகிவிட்டது. முதலில் வாஸ்து பார்த்து மேசைகளைத் திருப்பினார். பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கூட்டி வந்தார். மேசை உயரம் கூட்டப்பட்டது. மணிக்கட்டு நேராக இருக்கக் கீபோர்டுகள் மாற்றப்பட்டன. அரை மணிக்கு ஒருமுறை மணி அடித்து எல்லோரும் எழுந்து கையை உதற வேண்டும் என்று உத்தரவு. பெனாசிர் தூங்கும்போது கையை நேராக வைக்கும் பட்டை ஒன்றும் வாங்கியிருந்தார். "மேனேஜர் கை வலிச்சா ஊருக்கே வைத்தியம் நடக்குது தம்பி," என்றார்.

"காப்பக் கழட்டிருங்கக்கா."

"கழட்டிப் பாத்தேன். ஒரு நிமிஷம்கூட முடியல. அவருகிட்டயே இருக்கட்டும், நல்லாத் தாங்கறாரு."

நான் பழுதான காப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, மகுடேஸ்வரி அக்கா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தபடி, வாழ்க்கையிலேயே சுகமான நாட்களை ஓட்டினேன்.

ஒரு நாள் காலை அக்கா புதுக் காப்போடு வந்தார். "பரிதி, ஆள் பத்தல. உன்ற இடது கை சும்மாதான இருக்குது? ஒண்ணு எச்சாத் தாங்கிக்கோ. பெரிய மனுஷன், யாரோ மேனேஜராம். அதுல ஒரு கூத்து. அவரு கையில ஏற்கெனவே நம்ம காப்பு ஒண்ணு கெடக்குதாம். பூஜையில வந்ததாம், உயிரே போனாலும் கழட்ட மாட்டாராம். அதுக்கு மேலயே ஒண்ணு போடச் சொல்லிட்டாரு."

மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் இடது மணிக்கட்டில் வந்து இறங்கியது. கையை மாற்றி வந்தாலும் எனக்கா தெரியாது? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். சுரீர்.

வெளியே போய் போன் போட்டேன். பெனாசிர் மெல்லிய குரலில் பேசினார்.

"காலையிலிருந்து மணி அடிக்கல தம்பி. உயரமான மேசையெல்லாம் கிடங்குக்குப் போயிருச்சு. சாருக்கு வலி நின்னு போச்சாம். ரொம்பக் குஷியா இருக்காரு. விட்ட வேலையெல்லாம் இந்த வாரமே முடிக்கணுமாம்."

"அது நிக்கலக்கா. எங்கிட்ட வந்திருக்குது."

போனில் அவருக்குப் பின்னால் விசைகளின் சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப யாருகிட்டக் குடுத்தாலும் அவங்க உங்ககிட்டத்தான் குடுப்பாங்க," என்றார்.

"நானில்லன்னா இன்னொருத்தன். இங்க நெறைய நாற்காலி இருக்குது."

"பொரியக் கீழ போட்டுட்டு கையில இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன். அதையே நெனச்சுட்டிருக்கறேன் தம்பி. இருங்க, வெச்சுராதீங்க."

ஏதோ சொடுக்குச் சத்தம். என் இடது கை காலியானது. பாரம் இறக்கின லாரி மாதிரி லேசாக மேலே எழும்பியது. போனுக்குள் பெனாசிரின் மூச்சு உள்ளே போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

"அக்கா?"

"தூ... இதையா இத்தன நாளா வெச்சுட்டிருந்தீங்க? ஒரு வார்த்த திட்டியிருக்கலாமில்ல?"

"தெனமும் திட்டினேன். உங்களுக்குக் கேக்கல."

வலியோடு சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. அப்போது பின்னாலிருந்து சதாசிவத்தின் குரல் கேட்டது. "என்னம்மா பெனாசிர், ஏன் நிறுத்திட்டே?"

"கை வலிக்குதுங்க சார்," என்றார் பெனாசிர், கூடம் முழுவதற்கும் கேட்கும்படி. "முடியாதுங்க."

மழை நின்றது. ஒவ்வொரு நாற்காலியாகத் திரும்பும் கிரீச் சத்தம் கேட்டது.

"வலிக்குதா?" என்றார் சதாசிவம். கோபமே இல்லை. உண்மையிலேயே புரியாத குரல். "உனக்கு எப்படிம்மா வலிக்கும்?"